குளக்கரையில் ஒரு மஞ்சள் கவுன்

"ஐயோ... என் கவுன்!"

நாய் உடம்பை ஒரே ஒரு உலுக்கு உலுக்கியது. அவ்வளவுதான். அமெரிக்காவின் பாட்டக்கெட் ஊர்ப் பூங்காக் குளத்தின் சேறெல்லாம் இவோனியின் மஞ்சள் பட்டு கவுனில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"பிப்போகா! ஏய்... இங்க வா! மன்னிச்சுக்கோங்க மேடம்... அது பொதுவா இப்படிப் பண்ணாது..."

"பொதுவா பண்ணாதா? அப்ப எனக்காக ஸ்பெஷலா பண்ணுச்சா?"

ஓடி வந்தவன் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டான். நெருங்கி வந்து துடைத்துவிட முடியாத காலம் அது. முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. சாம்பலும் பச்சையும் கலந்த கண்கள். தூறல் இமைகளில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கண்கள் அவளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தன... நம்ப முடியாமல் இன்னொரு முறையும் பார்த்தன.

"தப்பு எங்க நாயோடதுதான். ஆனா... குளத்தைச் சுத்தி நடக்க யாராவது பட்டு கவுன்ல வருவாங்களா?"

வந்ததே கோபம் இவோனிக்கு!

"ஏன், பைஜாமாலதான் வரணுமா? மேல ஆபீஸு, கீழ பெட்ரூமு... உங்கள விட உங்க நாய் நேர்த்தியா இருக்கு!"

அவன் குனிந்து பார்த்தான். மேலே இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கழுத்தில் டை. கீழே பென்குவின் படம் போட்ட பைஜாமா. பாவம், மறந்தே போய்விட்டான். காது நுனி இரண்டும் குப்பென்று சிவந்தன.

"க்ளாஸ் முடிஞ்சு அப்படியே வந்துட்டேன்... கேமராவுல இடுப்புக்கு மேலதான தெரியும்..."

"எனக்கு முழுசா தெரியுதே!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். நனைந்த மேப்பிள் சருகுகள் அவள் காலடியில் ஒட்டிக்கொண்டே வந்தன. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அந்தப் பென்குவின்கள் நினைவுக்கு வந்தன. படியில் நின்றபடி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து எத்தனை வாரம் ஆயிற்று!

இவோனி தவாரெஸுக்கு வயது முப்பத்தெட்டு. பதினாறு வருடம் விமானப் பணிப்பெண். அந்தப் பதினாறு வருடமும் என்ன உடுத்துவது என்று அவள் ஒருநாள்கூட யோசித்ததில்லை. கருநீலப் பாவாடை, கருநீலக் கோட்டு, கழுத்தில் சிவப்புத் துணி... எல்லாம் விமான நிறுவனம் சொல்லும். உதட்டுச் சாயத்தின் நிறத்தைக்கூட அவர்களே சொல்வார்கள். கேப் வெர்டித் தீவுக்காரத் தாயின் வயிற்றில் பிறந்தபோதே கூட வந்த சுருட்டை முடியைச் சூட்டுக் கம்பியால் தேய்த்து நேராக்கி, பின்னால் இறுக்கிக் கொண்டை போட்டாக வேண்டும்.

ஆனால் இறங்கிய ஊரிலெல்லாம் ஒன்று வாங்குவாள். மிலானில் ஒரு மஞ்சள் கவுன். லிஸ்பனில் ஒரு கருஞ்சிவப்புச் சால்வை. மாட்ரிட்டில் ஒரு பச்சை உடை. என்றாவது ஒருநாள் போடலாம் என்று அலமாரிக்குள் வைப்பாள். விலைச்சீட்டுக்கூடக் கிழியாமல் அவை காத்திருந்தன.

அப்புறம் நோய் வந்தது. விமானங்கள் நின்றன. அக்டோபரில் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் அவளையும் நிறுத்திவிட்டார்கள்.

உடம்புக்கு மட்டும் அது புரியவில்லை. விடியும் முன்பே எழுந்துகொள்ளும். எங்கேயோ கிளம்பத் துடிக்கும். சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடப்பாள். வானம் வெறிச்சென்று கிடக்கும். ஒரு விமானச் சத்தம் கேட்டாலும் நெஞ்சு திடுக்கிடும். அம்மா டொமிங்கா கத்துவாள்:

"ஒரு இடத்துல உக்காரேன்டி! எனக்குத் தலை சுத்துது!"

ஒருநாள் கண்ணாடி முன் நின்றாள். பழைய பனியன், தொளதொள கால்சட்டை, தேய்க்காமல் விட்டதில் கிளம்பி நிற்கும் சுருட்டை முடி... 'யாருடி நீ? உனக்கு என்ன பிடிக்கும்?' பதில் தெரியவில்லை. பயமாக இருந்தது. ஓடிப் போய் அலமாரியைத் திறந்தாள். தினம் ஒன்று. ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு குளத்தைச் சுற்றி நடப்பது. எது நான், எது நானில்லை என்று பார்த்துவிடுவது.

முதல் நாள் மஞ்சள் கவுன். முதல் நாளே நாய்!

மறுநாள் கருஞ்சிவப்புச் சால்வையில் போனாள். குளக்கரை பெஞ்சுக்குப் பக்கத்தில் அவன் நின்றிருந்தான்... கோட்டும் சூட்டுமாக! தோள்பட்டையில் துணி விண்ணென்று இழுத்துக்கொண்டிருந்தது. கையை மடக்கினால் கிழிந்துவிடும் என்ற பயத்தில் பொம்மை மாதிரி விறைத்து நின்றான்.

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். நல்லவேளை, முகக்கவசம் இருந்தது.

"யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகல. இது என் கல்யாணத்துக்கு வாங்கின கோட்டு. கல்யாணம் நிலைக்கல... கோட்டு நிலைச்சிருச்சு." அவன் குரலில் சிரிப்பு இருந்தாலும் கண்களில் இல்லை. "அன்செல்மோ மெதெய்ரோஸ். ஏழாம் வகுப்பு சயின்ஸ் வாத்தியார். உங்க கவுனை நானே துவைக்கக் குடுக்கறேன். தயவுசெஞ்சு..."

"கவுன் சுத்தமாயிடுச்சு. நீங்கதான் மூச்சு விட முடியாம நிக்கறீங்க. முதல்ல அந்தப் பட்டனைக் கழட்டுங்க!"

அப்படித்தான் ஆரம்பித்தது.

தினமும் மாலையில் இருவரும் குளத்தைச் சுற்றினார்கள். நடுவில் பிப்போகா. இரண்டு பேருக்கும் இடையே ஆள் படுக்கும் அளவு இடைவெளி. அதனால் கொஞ்சம் உரக்கவே பேச வேண்டியிருந்தது. அன்செல்மோவும் நிம்மதியில்லாத ஆள்தான். நாள் முழுக்கக் கணினித் திரையில் கருப்புக் கட்டங்களைப் பார்த்துப் பாடம் நடத்துகிறவன். ஒரு பிள்ளையும் கேமராவைத் திறப்பதில்லை.

"சுவத்துக்குப் பாடம் எடுக்கற மாதிரி இருக்கு. சுவராவது எதிரொலி குடுக்கும்."

"தெனமும் அதே நீலச் சட்டையா?"

"ஆமா. ஏன்?"

"நானா இருந்தாலும் கேமராவை மூடிட்டுத் தூங்கியிருப்பேன்."

அடுத்த நாள் அவனுடைய அலமாரியைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள். அடியில் கசங்கிக் கிடந்த ஒன்றை அவள் கண் கண்டுபிடித்துவிட்டது. அன்னாசிப் பழங்கள் அச்சடித்த சட்டை. அவன் தம்பி கிண்டலுக்கு வாங்கிக் கொடுத்ததாம். அதைப் போட்டுக்கொண்டு வகுப்பெடுத்த அன்று, ஜனெல் என்ற ஒரு சிறுமி கேமராவைத் திறந்தாள். "சார், என்ன சார் இது?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் இன்னொரு முகம். இன்னொன்று. அன்று மாலை அன்செல்மோ குளக்கரைக்கு நடந்து வரவில்லை... ஓடி வந்தான்.

"பதினொரு முகம் இவோனி! பதினொரு பிள்ளைங்க முகத்தைப் பார்த்தேன்!"

அந்தக் கண்கள் அன்று நனைந்திருந்தன. மழை இல்லை. இவோனிக்கு எங்கேயோ என்னவோ செய்தது... சட்டென்று நாயைக் கொஞ்சுவது போல் குனிந்துகொண்டாள்.

டிசம்பரில் ஒருநாள் அவன் சூடான மலசாடா வாங்கி வந்தான். எண்ணெயில் பொரித்து, மேலே சர்க்கரை தூவிய மாவுப் பண்டம். ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாப்பிட வேண்டுமென்றால்... முகக்கவசத்தைக் கழற்ற வேண்டும்.

இருவரும் தயங்கினார்கள். பிறகு ஒரே நேரத்தில் கழற்றினார்கள்.

"அட!"

"என்ன அட?"

"உங்களுக்குப் பல்லு நடுவுல சந்து இருக்கு!" என்றாள் இவோனி. "நான் மனசுக்குள்ள வேற வாய் ஒண்ணை ஒட்டி வெச்சிருந்தேன்."

"நல்ல வாயா?"

"இத விட கம்மியாப் பேசற வாய்."

அவன் சிரித்தான். அந்தச் சந்தோடு சேர்ந்த சிரிப்பு... மனதில் ஒட்டியிருந்ததைவிட இதுவே நன்றாக இருந்தது. பிறகுதான் அவன் தன்னைப் பார்ப்பது அவளுக்கு உறைத்தது. கை தானாக வாயை மூடியது. மேலுதட்டில் ஒரு தழும்பு. பதினாறு வருடம் சிவப்புச் சாயத்துக்குள் ஒளித்து வைத்த தழும்பு.

"அது என்ன?"

"சின்ன வயசுல ஊஞ்சல்லருந்து விழுந்தது. பார்க்காதீங்க."

"அழகா இருக்கு." சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான். "மலசாடாவ... மலசாடாவச் சொன்னேன்."

"ஓ... மலசாடாவா?"

குளிர்காற்றிலும் இருவருக்கும் கன்னம் சுட்டது.

குளிர்காலம் முழுக்க அவளுக்குள் இன்னொன்றும் வளர்ந்தது. கீழ்வீட்டு நர்ஸ் குளோரியா ஒருநாள் மாடிப்படியில் நின்று கண் கலங்கினாள். "ஒரு வருஷமா ஆஸ்பத்திரி உடுப்புதான். நான் எப்படி இருப்பேன்னே மறந்துபோச்சு." இவோனி அவளிடம் புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. அவளுடைய பழைய துணிகளைக் கட்டிலில் பரப்பச் சொல்லி, வாசலில் நின்றே மூன்று உடை சேர்த்துக் கொடுத்தாள். கண்ணாடியில் பார்த்த குளோரியா "ஹே... நான்தான்!" என்றாள். அவள் தோழியிடம் சொல்ல, அந்தத் தோழி இன்னொருத்தியிடம் சொல்ல... வேலை போனவர்கள், துணையை இழந்தவர்கள், உடம்பு பெருத்துப்போய்க் கண்ணாடியைத் திருப்பி வைத்தவர்கள் என்று இவோனியைத் தேடி அழைப்புகள் வந்தபடி இருந்தன.

அந்தச் சமயத்தில்தான், குளத்தில் பனி உருகிய மார்ச் மாதத்தில், விமான நிறுவனம் அவளைத் திரும்பக் கூப்பிட்டது. பழைய வேலை, பழைய பதவி. ஆனால் இனி இருக்க வேண்டிய ஊர் ஃபீனிக்ஸ். நாட்டின் இன்னொரு மூலை.

அவனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் கண்களையே பார்த்தாள். 'ஒரு வார்த்தை சொல்லு... ஏதாவது ஒரு வார்த்தை...'

அன்செல்மோ நாயின் வாரை விரலில் சுற்றினான். அவிழ்த்தான். மறுபடியும் சுற்றினான்.

"நல்லதுதான... போங்க. நிலையான வேலை."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லணும்? இந்த உடுப்பு விளையாட்டு எத்தனை நாளைக்குத்தான் ஓடும்?"

வாயிலிருந்து விழுந்த உடனே தப்பு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதை அள்ளி எடுக்க முடியவில்லை.

"விளையாட்டு..." என்றாள் இவோனி மெதுவாக. "சரி சார். விளையாடினது போதும்."

அவள் போய்விட்டாள். அன்செல்மோ பின்னால் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. முன்பு ஒருத்தியிடம் 'இரு' என்று கெஞ்சியவன் அவன். அவள் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். இன்னொரு முறை அந்த வார்த்தையை வாயில் எடுப்பதா? 'போகட்டும். போகிறவர்கள் போகட்டும்...' பிப்போகா அவள் போன பாதையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது.

இவோனியின் வீட்டில் அம்மாவுக்குக் கொண்டாட்டம். சோளமும் பீன்ஸும் கறியும் போட்டுக் கச்சூப்பா சமைத்தாள். சீருடையை எடுத்து அவளே இஸ்திரி போட்டாள்.

"தேவன் கண்ணைத் தொறந்துட்டாரு. போட்டுப் பாரு, அளவு சரியா இருக்கான்னு."

இவோனி முடியைத் தேய்த்து நேராக்கினாள். அறை முழுக்கக் கருகிய வாசனை. கொண்டை போட்டாள். கருநீலக் கோட்டு. சிவப்புத் துணி. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. கூடத்துக்கு வந்து அம்மா முன் நின்று... சிரித்தாள்.

டொமிங்காவின் முகம் மாறியது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சிரிப்ப என்கிட்ட காட்டாத."

"எந்தச் சிரிப்பும்மா?"

"அது டிக்கெட் வாங்கினவங்களுக்குச் சிரிக்கறது. நான் டிக்கெட் வாங்கல, உன்னப் பெத்தேன். இந்தக் குளிர் பூரா நீ வீட்டுக்குள்ள வேற மாதிரி சிரிச்சுக்கிட்டு இருந்த. மாடிப்படியில ஏறும்போதே கேக்கும். எங்கடி அது?"

இவோனி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கொண்டை தானாக அவிழ்ந்தது. மறுநாள் காலை விமான நிறுவனத்தை அழைத்து, நன்றி சொல்லி, வேண்டாம் என்று சொன்னாள். வைத்துவிட்டு, பழக்கத்தில் எழுந்து நின்றாள். ஆனால் கால்கள்... அவை எங்கேயும் ஓடத் துடிக்கவில்லை. வெகு நாளைக்குப் பிறகு முதல் முறையாக.

ஆனாலும் குளத்துப் பக்கம் போகவில்லை. 'விளையாட்டு என்று சொன்னவர் வரட்டும்...'

ஏப்ரல். மூடிக் கிடந்த ஒரு பெரிய துணிக்கடையைத் தடுப்பூசி மையமாக மாற்றியிருந்தார்கள். துணி மாட்டும் கம்பிகளெல்லாம் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. இவோனி பச்சை உடையில் வந்திருந்தாள். ஊசி போட வசதியாக ஒரு தோள் திறந்த உடை. தோளைச் சுற்றிச் சுருட்டை முடி, அதன் இஷ்டத்துக்கு. "நீ ஊசி போட்டுக்கிட்டாதான் நான்" என்று இத்தனை நாள் அடம்பிடித்த அம்மாவும் கூடவே வந்திருந்தாள்.

ஊசி போட்டவர்கள் கால் மணி நேரம் உட்கார வேண்டும். தள்ளித் தள்ளி நாற்காலிகள். அம்மா ஒன்றில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தாள். இவோனி இன்னொன்றில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே தூறல் ஆரம்பித்தது.

அப்போது தடுப்புத் திரைக்குப் பின்னாலிருந்து அவன் வந்தான்.

ஆரஞ்சு நிறச் சட்டை. அதில் வெள்ளைக் கொக்குகள் பறந்தன. தோளுக்கு அளவாகத் தைத்திருந்தது. இதை அவள் பார்த்ததில்லை. யாரும் சொல்லாமல் அவனே தேடி எடுத்தது... அது பார்த்தவுடனே தெரிந்தது. அவளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

"இவோனி...! நீங்க... இன்னும் போகலையா?"

"உக்காருங்க சார். வழிய மறைக்காதீங்க."

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பக்கம் என்றால் எட்டித் தொட முடியாத பக்கம். உட்கார்ந்தான். எழப் போனான். மறுபடி உட்கார்ந்தான்.

"நல்லா இருக்கு சட்டை," என்றாள் அவள், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே.

"இவோனி, அன்னிக்கு நான் சொன்னது... அது உங்களப் பத்தி இல்ல. என் பயம் பேசுச்சு. நீங்க செய்யறது விளையாட்டுன்னா, என் பிள்ளைங்களோட பதினொரு முகமும் விளையாட்டுதான். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் சொன்னேன். 'இருங்க'ன்னு கேக்கற தைரியம் இல்லாம, போறதுக்குக் காரணம் எடுத்துக் குடுத்தேன்."

அவள் திரும்பவில்லை. ஆனால் காது முழுக்க அவன் பக்கம்தான் இருந்தது.

"இப்பவும் இருங்கன்னு கேக்க மாட்டேன். ஃபீனிக்ஸ் போங்க, எங்க வேணா போங்க. ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. நான் உங்கள... வந்து... எனக்கு உங்களப் பிடிச்சிருக்குன்னு சொன்னா பத்தாது... நான் உங்களக் காதலிக்கறேன்."

"என்னவாம்?" பின்னாலிருந்து டொமிங்காவின் குரல் வந்தது. "மாஸ்க்குக்குள்ள முணுமுணுக்கறான்! நாய்க்காரன்தான இவன்? சத்தமா சொல்லச் சொல்லு!"

அன்செல்மோ எழுந்து நின்றான். காது நுனி பழுத்திருந்தது.

"நான் உங்க பொண்ணக் காதலிக்கறேம்மா!"

கூடமே திரும்பியது. மஞ்சள் அங்கி போட்ட தொண்டர் பெண் பதறி ஓடி வந்தாள். "சார், சார், உக்காருங்க! நேரம் இன்னும் முடியல. தலை சுத்துதா?"

"சுத்துதுங்க... ஆனா ஊசியால இல்ல."

எங்கேயோ யாரோ சிரித்தார்கள். இவோனியும் சிரித்துவிட்டாள், முகக்கவசம் குலுங்கக் குலுங்க. அப்புறம் அந்தச் சிரிப்பு மெல்ல அடங்கியது. கண்கள் பளபளத்தன.

"நான் எங்கயும் போகல," என்றாள். "வேண்டாம்னு அப்பவே சொல்லிட்டேன். உங்களுக்காக இல்ல, எனக்காக. எங்க வீட்டு முன்னறையக் காலி பண்ணி, ஆள் உயரக் கண்ணாடி ஒண்ணு வெச்சிருக்கேன். அடுத்த வாரத்துலருந்து ஆளுங்க நேர்ல வராங்க."

"அப்போ... ஏன் குளத்துப் பக்கம் வரல?"

"நீங்க ஏன் என் வீட்டுப் பக்கம் வரல?"

 வெளியே மழை வலுத்தது. அவள் நாற்காலியில் கொஞ்சமாக அவன் பக்கம் திரும்பினாள். விரல்கள் உடையின் ஓரத்தைச் சுருட்டின, பிரித்தன.

"வேலைய விட்டது எனக்காக. ஆனா இன்னிக்கு இங்க வந்தது... டீச்சருங்களுக்கு இன்னிக்குதான் ரெண்டாவது ஊசின்னு குளோரியா சொன்னா. எங்களுக்கு நாளைக்குக் குடுத்திருந்தாங்க. நான்தான் கெஞ்சி இன்னிக்கு மாத்தினேன்."

அவன் மூச்சுவிட மறந்தான்.

"அதனால அன்செல்மோ... சும்மா முழிக்காத. காலையில இருந்து நாலு உடுப்பு மாத்தி, இந்தப் பச்சையப் போட்டுக்கிட்டு, உன்னப் பார்க்கத்தான் வந்தேன். நானும் உன்னக் காதலிக்கறேன்."

'உன்ன' என்றாள். முதல் முறையாக. அந்த ஒரு சொல்லில்தான் அவன் கண்கள் நிறைந்து வழிந்தன.